நிருபர் தேடி வரும் எண்: கொங்கு நாட்டுச் சிறு வியாபாரிக்கு ஒரு பேக்லிங்க் வழிகாட்டி

நாமக்கல் முட்டை விலையைப் போடாத தமிழ்ப் பத்திரிகை கிடையாது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு ஒரு கொள்முதல் விலையை அறிவிக்கிறது. ஐந்து காசு ஏறினாலும் மறுநாள் காலையில் அது செய்தி. ஈரோடு, பெருந்துறை, கோபி ஏலங்களில் விரலி மஞ்சள் குவிண்டால் என்ன விலைக்குப் போனது, கிழங்கு என்ன விலைக்குப் போனது என்பதும் அப்படித்தான். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சீசனுக்கு சீசன் வெளியிடும் விலை முன்னறிவிப்பும் அப்படித்தான். இவர்கள் யாரும் பத்திரிகை அலுவலக வாசலில் போய் "எங்கள் பெயரைப் போடுங்கள்" என்று நிற்பதில்லை. நிருபருக்கு எண் தேவை, எண் இவர்களிடம் இருக்கிறது, பெயர் தானாகக் கூடவே வந்துவிடுகிறது.

வெப்சைட்டுக்கு பேக்லிங்க் சேர்ப்பதும் இதே வேலைதான், அளவு மட்டும் சின்னது. உங்கள் தளத்தைக் குறிப்பிட்டு இன்னொரு தளம் லிங்க் கொடுத்தால் அது பேக்லிங்க். 1998-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும், ஒரு பக்கத்துக்கு யார் யார் லிங்க் கொடுக்கிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். கூகுள் அதிலிருந்துதான் வளர்ந்தது. இன்றைக்கு, தேடலில் எந்தப் பக்கம் மேலே வரும் என்ற தரவரிசையை முடிவு செய்ய வேறு பல காரணங்களும் சேர்ந்துவிட்டன என்றாலும், நல்ல பெயருள்ள செய்தித் தளம் ஒன்று உங்களுக்கு லிங்க் கொடுப்பதன் மதிப்பு குறையவில்லை.

லிங்கைக் காசுக்கு வாங்கலாமே என்று தோன்றும். "ஆயிரம் பேக்லிங்க் இரண்டாயிரம் ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் வருபவரை பிளாக் செய்துவிடுங்கள். 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் கொண்டுவந்த பென்குயின் என்ற மாற்றம் இப்படி வாங்கிச் சேர்த்த தளங்களைத்தான் கீழே தள்ளியது. தரவரிசைக்காகப் பணம் கொடுத்து லிங்க் வாங்குவது இன்றும் கூகுளின் விதிப்படி ஸ்பாம்.

ஆக, நிருபர் மேற்கோள் காட்ட விரும்பும் ஒன்றை நாமே தயாரிக்க வேண்டும். அதற்குப் பெரிய கம்பெனியாக இருக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. கொங்குப் பக்கம் எல்லாத் தொழிலிலும் ஒரு எண் உண்டு. தொழிலில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் அது வாய்வழியாகத் தெரியும். எழுதி வைத்திருப்பவர் ஒருவரும் இருக்க மாட்டார். அதைப் பிடித்து எழுதுகிறவர்தான் மேற்கோள் ஆகிறார்.

எண்ணைக் கண்டுபிடிப்பது

டீக்கடையில் உங்கள் தொழில்காரர்கள் எதைப் பற்றி அலுத்துக்கொள்கிறார்கள் என்று காது கொடுங்கள். பொள்ளாச்சியில் இளநீர் தோப்பில் ஒரு விலைக்கு வெட்டப்படுகிறது, கோவை அவிநாசி சாலை ஓரத்தில் வேறு விலைக்கு விற்கிறது. இரண்டையும் வாரம் ஒருமுறை எழுதி வைத்தாலே, கோடை தொடங்கியதும் நிருபர்கள் தேடும் பட்டியல் தயார். திருப்பூரில் பவர்டேபிள் (மின் தையல் மெஷின்) போட்டு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுப்பவருக்கு, ஒரு பீஸுக்குத் தையல் கூலி மூன்று வருடத்தில் எவ்வளவு நகர்ந்தது என்று விரல் நுனியில் இருக்கும். நகராத வருடமும் செய்திதான். பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் தங்கும் காம்பவுண்ட் வீடுகளின் வாடகை, நாமக்கல் லாரிக்காரர் ஒரு டயரை எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறார், ஈரோடு ஜவுளிச் சந்தையில் பொங்கலுக்கு முந்தைய வாரம் எந்த மாநில வியாபாரி வந்தார், எவர் வரவில்லை. இப்படி எடுத்துக்கொண்டே போகலாம்.

ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். நிருபர் வேறு இடத்தில் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடக்கூடிய எண் என்றால் உங்களைத் தேடி வரமாட்டார். முட்டை விலையை நீங்கள் மறுபடி எழுதிப் புண்ணியமில்லை. அதே சமயம், ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாத எண்ணும் செய்தி ஆகாது.

எண் மட்டும்தான் மேற்கோள் ஆகும் என்றும் இல்லை. ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று தெளிவாக விளக்கும் பக்கமும் ஆகும். 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானது. அந்த வாரம் வணிகச் செய்தியாளர்கள் எல்லாரும் திருப்பூரைத்தான் எழுதினார்கள். "ஒரு டி-சர்ட்டின் அடக்கவிலை" என்று நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என ஒவ்வொன்றுக்கும் எத்தனை ரூபாய் என்று பிரித்துப் போட்ட பக்கம் ஒன்று அன்று ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டின் தளத்தில் தயாராக இருந்திருந்தால், டெல்லி நிருபருக்கும் அது வேலைக்கு ஆகியிருக்கும். வரி ஏறிய பிறகு உட்கார்ந்து எழுதினால், எழுதி முடிப்பதற்குள் செய்தி ஆறிவிடும். இந்த மாதிரிப் பக்கங்களை ஓய்ந்த மாதத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

ஒரு மோட்டார் கடையை எடுத்துக்கொள்வோம்

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் விளங்காது. அவிநாசியை அடுத்த சேவூர் பக்கம் ஒருவர் சப்மெர்சிபிள் மோட்டார் விற்று, போரில் (போர்வெல்லில்) இறக்கியும் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தளத்தில் கடை முகவரி, மோட்டார் படங்கள், போன் நம்பர். அவ்வளவுதான். இதற்கு எந்தப் பத்திரிகை லிங்க் கொடுக்கும்?

அவருடைய பில் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பில்லிலும் ஊர், தேதி, மோட்டார் எத்தனை எச்.பி., எத்தனை பைப், எத்தனை மீட்டர் கேபிள் என்று இருக்கும். ஜி.ஐ. பைப் ஒன்று 20 அடி. பைப் எண்ணிக்கையை 20-ஆல் பெருக்கினால் மோட்டார் எத்தனை அடியில் நிற்கிறது என்று வந்துவிடும். கேபிள் நீளம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். நான்கு வருடப் பில் இருந்தால், அந்த வட்டாரத்தில் மக்கள் எவ்வளவு ஆழத்துக்கு மோட்டாரை இறக்குகிறார்கள் என்ற கணக்கு ஊர்வாரியாக, மாதவாரியாகக் கையில் இருக்கிறது. இதை அவர் கணக்கு என்றே நினைத்திருக்க மாட்டார். பழைய பில் என்று அட்டைப்பெட்டியில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்திருப்பார்.

இது ஏன் செய்தி? 2024 ஆகஸ்ட் 17-ல் அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றில் போகும் உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். அறுபது வருடக் கோரிக்கை. இப்போது அந்தப் பகுதியில் விவசாயி முதல் நிருபர் வரை எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குளம் நிரம்பினால் பக்கத்து போரில் தண்ணீர் மேலே வருகிறதா? மோட்டார் கடைக்காரரின் பில் புத்தகம் அதற்கு ஒரு மூலையிலிருந்து பதில் சொல்லும். ஆழம் குறைந்திருந்தாலும் செய்தி, குறையாவிட்டாலும் செய்தி. எது வந்தாலும் வெளியிடுவேன் என்று எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். தனக்குப் பிடித்த விடை வரும்வரை கணக்கைத் திருப்பித் திருப்பிப் போடுகிறவர் ஒருநாள் மாட்டிக்கொள்வார்.

கணக்கைச் சுத்தம் செய்வது

அலுப்பான பகுதி இதுதான். ஆனால் நிருபர் உங்களை நம்புவதும் நம்பாததும் இங்கேதான் தீர்மானமாகிறது.

கூகுள் ஷீட் ஒன்றைத் திறந்து, பில்லுக்கு ஒரு வரிசை என்று ஏற்றுங்கள்: மாதம், வருடம், ஊராட்சி, ஒன்றியம், ஆழம், எச்.பி., புது போரா பழைய போரா. வாடிக்கையாளர் பெயர், போன், சர்வே நம்பர் எதுவும் இந்த ஷீட்டில் ஏறவே கூடாது. ஒரு ஊராட்சியில் ஐந்து பில்லுக்கும் குறைவாக இருந்தால் அதைத் தனியாகக் காட்டாமல் ஒன்றியத்தோடு சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் "இது நம்ம கிழக்குத் தோட்டத்து போரு" என்று ஊரே கண்டுபிடித்துவிடும், வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். ஒரே ஊரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். அதையும் ஒரே மாதிரி ஆக்குங்கள்.

சராசரி போடாதீர்கள், இடைநிலை போடுங்கள். ஐந்து போர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 600, 650, 700, 750, 1,500 அடி. சராசரி 840 வரும். ஆனால் ஐந்தில் நான்கு போர் 750-க்குள்தான் இருக்கிறது. கடைசியாக ஒருவர் விடாப்பிடியாக ஓட்டிய 1,500 மொத்தக் கணக்கையும் மேலே இழுத்துவிடுகிறது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் 700-ஐ எடுத்தால் நிலைமை சரியாகத் தெரியும். ஷீட்டில் இதற்கு ஒரே ஒரு ஃபார்முலா போதும்.

அடுத்து, எது எதைக் குறிக்கிறது என்பதில் தெளிவு வேண்டும். போர் ஓட்டிய ஆழம் வேறு, மோட்டார் இறக்கிய ஆழம் வேறு, தண்ணீர் நிற்கும் மட்டம் வேறு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரரிடம் இருப்பது முதல் கணக்கு. கடைக்காரரிடம் இருப்பது இரண்டாவது. மூன்றாவதை அரசுதான் அளக்கிறது. இன்னொன்றும் உண்டு. கடைக்கு வருபவர்கள் புதிதாக போர் போட்டவர்கள் அல்லது மோட்டார் போனவர்கள். போரில் தண்ணீர் நன்றாக இருப்பவர் கடைப் பக்கமே வரமாட்டார். ஆகவே இந்தக் கணக்கு வட்டாரத்தின் முழுப் படம் ஆகாது. இதைப் பக்கத்தில் நீங்களே எழுதிவிட்டால், விஷயம் தெரிந்த நிருபருக்கு உங்கள் மேல் நம்பிக்கை கூடும். மறைத்தால், அடுத்த நாள் நீர்வளத் துறை பொறியாளர் ஒருவர் அதை எடுத்துச் சொல்வார், அன்றோடு உங்கள் எண் போச்சு.

அரசுக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது

மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளில் வருடத்துக்கு நான்கு முறை மட்டத்தை அளக்கிறது. உங்கள் எண் போகும் திசையும் அந்த எண் போகும் திசையும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் அதையும் பக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

வேறு கணக்கு தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005-ல் வந்த சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். கேட்கும் விதம் முக்கியம். "ஏன் தண்ணீர் வருவதில்லை" என்று கேட்டால் ஒரு வரிப் பதிலோடு திரும்பி வரும். "2020 முதல் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் ஒன்றியத்தில் லாரித் தண்ணீர் எத்தனை நடை போனது, ஊராட்சிவாரியாகச் செலவு எவ்வளவு" என்று கேளுங்கள். எண்ணைக் கேட்டால் எண் வரும். உங்கள் போர்க் கணக்குக்குப் பக்கத்தில் இந்த லாரிக் கணக்கும் உட்கார்ந்தால் நிருபருக்கு முழுச் செய்தி கிடைத்துவிடுகிறது.

பக்கத்தைக் கட்டுவது

முதல் வரியிலேயே எண் இருக்க வேண்டும். "எங்கள் கடை 2021 முதல் சேவூர் வட்டாரத்தில் இறக்கிய இத்தனை மோட்டார்களின் இடைநிலை ஆழம் இத்தனை அடி, 2024 ஆகஸ்டுக்கு முன் இத்தனை, பின் இத்தனை." நிருபர் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளும்படி வாக்கியம் அமைய வேண்டும். "நீரின்றி அமையாது உலகு" என்று ஆரம்பித்து மூன்று பத்தி போனபின் எண்ணைச் சொன்னால் அதுவரை யாரும் படிக்கமாட்டார்கள்.

அட்டவணையை எழுத்தாகவே போடுங்கள், படமாகப் போட்டால் காப்பி எடுக்க முடியாது. யூனிகோடு தவிர வேறு எழுத்துரு வேண்டாம். பழைய பாமினியில் அடித்து ஏற்றிய பக்கத்தைக் கூகுளும் படிக்காது, நிருபரின் போனும் காட்டாது. பக்கத்தின் முகவரியில் வருடத்தைச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் அதே பக்கத்தைப் புதுப்பித்தால்தான் போன வருடம் வந்த லிங்க் இந்த வருடக் கணக்குக்கும் துணை நிற்கும். கடைசியாகப் புதுப்பித்த தேதி, கணக்கெடுத்த முறை, பொறுப்பாளர் பெயர், கூப்பிட்டால் எடுக்கக்கூடிய ஒரு போன் நம்பர் ஆகியவை கீழே இருக்கட்டும். "பெயரும் லிங்கும் கொடுத்து யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அனுமதி கேட்க நேரமில்லாமல் விட்டுவிடுகிற நிருபர்கள் உண்டு.

அப்புறம், ஒரு படம். போரிலிருந்து உருவிய பைப்புகள் தோட்டத்தில் வரிசையாகக் கிடக்க, முனையில் சேறு அப்பிய மோட்டார். இந்தப் படம் உங்களுக்குத் தினசரிக் காட்சி. சென்னை டெஸ்க்கில் இருப்பவருக்கு எளிதில் கிடைக்காது. போனிலேயே எடுங்கள், ஆனால் படுக்கை வாட்டில் எடுங்கள். சில நேரம் கணக்கைவிடப் படத்துக்குத்தான் லிங்க் வருகிறது.

தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் என்று இரண்டும் வையுங்கள். தமிழ் நாளிதழ்களின் இணையப் பதிப்புகள் வெளித் தளங்களுக்கு லிங்க் கொடுப்பது குறைவு. ஆங்கில வணிகத் தளங்களும் கட்டுரை சார்ந்த தளங்களும் கூடுதலாகக் கொடுக்கும். ஆனால் அந்த ஆங்கில நிருபர் விஷயத்தை முதலில் பார்ப்பது பெரும்பாலும் உள்ளூர்த் தமிழ்ப் பேப்பரில்தான். அதனால் தமிழ்ப் பக்கத்தை ஏனோதானோ என்று விடவேண்டாம்.

யாருக்கு, எப்போது

போன கோடையில் உங்கள் தாலுகாவின் தண்ணீர்ச் செய்தியை யார் எழுதினார்கள் என்று தேடுங்கள். ஆங்கில நாளிதழ்களில் பெயர் இருக்கும். தமிழில் பல நேரம் "நமது நிருபர்" என்றுதான் இருக்கும். மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தால் சொல்வார்கள். தாலுகா நிருபரைத் தாண்டி நேராகச் சென்னைக்கு ஓடாதீர்கள். அவருக்குத்தான் உங்கள் ஊர்க் குளத்தின் பெயர் தெரியும். நாளைக்குச் சென்னையிலிருந்து கேள்வி வந்தாலும் அவரிடம்தான் வரும். விவசாயம் சார்ந்தது என்றால் பசுமை விகடன் போன்ற இதழ்களையும் மறக்க வேண்டாம். அவர்களுக்கு அவகாசம் அதிகம், முறையையும் சேர்த்து எழுதுவார்கள்.

தமிழ் நாளிதழ்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் பக்கம் மாற்றுபவை. அதனால் திருப்பூர்க்காரருக்குத் திருப்பூர் ஒன்றியங்களின் எண்ணை முதலில் வைத்து அனுப்புங்கள், ஈரோட்டுக்காரருக்கு நம்பியூர், பெருந்துறைப் பக்கத்து எண்ணை, கோவைக்காரருக்கு அன்னூர் எண்ணை. ஒரே ஷீட்டிலிருந்து மூன்று செய்தி.

நேரத்தைப் பொறுத்தவரை, தண்ணீர்க் கணக்குக்கு மார்ச் முதல் மே வரை. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைக்கு எல்லா அலுவலகத்திலும் தண்ணீர்ச் செய்தி தேடுவார்கள். ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட வேண்டும். மஞ்சள் என்றால் புது வரத்து தொடங்கும் தை, மாசி. முட்டை, கோழி சார்ந்த எண் என்றால் விற்பனை சரியும் புரட்டாசி. நாளில், காலை பத்தரை பதினொன்று வாக்கில் கூப்பிடுங்கள். மாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டால் அவர் அன்றைய செய்தியை அடித்துக்கொண்டிருப்பார், எரிச்சல்தான் மிஞ்சும்.

வாட்ஸ்அப்பில் நான்கு வரி போதும்: நீங்கள் யார், எண் என்ன, எத்தனை பில்லிலிருந்து வந்தது, பக்கத்தின் லிங்க். பி.டி.எஃப். வேண்டாம், "காலை வணக்கம்" பூப்படம் வேண்டவே வேண்டாம். நிருபர் திரும்பக் கூப்பிட்டால் பேச்சு கிட்டத்தட்ட இப்படிப் போகும்:

"அண்ணா, இது உங்க கடைக் கணக்கு மட்டுந்தானுங்களா, கவர்மென்ட் கணக்கா?"

"எங்க கடைக் கணக்குதானுங்க. நாலு வருசத்துப் பில்லு. கவர்மென்ட் கணக்கையும் பக்கத்துலயே போட்டிருக்கறோம், ஒத்துப் பாத்துக்கலாங்க."

"அப்போ தண்ணி மட்டம் மேல வந்துருச்சுன்னு போட்டுக்கலாங்களா?"

"அப்படிப் போட்றாதீங்க. மோட்டார் இறக்கின ஆழம்னு மட்டும் போடுங்க. தண்ணி மட்டம் வேறைங்க."

அந்தக் கடைசிப் பதிலைச் சொல்ல மனசு வராது. தலைப்பு பெரிதாக வரட்டுமே என்று இருக்கும். சொல்லித்தான் ஆக வேண்டும். தன்னைத் தப்பான தலைப்பிலிருந்து காப்பாற்றிய ஆளின் நம்பரை நிருபர் சேமித்து வைத்துக்கொள்வார்.

நிருபருக்குப் பணக் கவர் கொடுப்பது, விளம்பரம் தருகிறேன் என்று பேச்சை ஆரம்பிப்பது, இரண்டும் கூடாது. விளம்பரப் பிரிவு வேறு, செய்திப் பிரிவு வேறு. அப்படி வரும் லிங்க் கூகுளின் கணக்கில் விளம்பர லிங்க்தான்.

செய்தி வந்தது, லிங்க் வரவில்லை

முதல் தடவை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். அச்சில் பெயர் வந்திருக்கும், இணையத்தில் பெயர் இருக்கும், லிங்க் இருக்காது. அன்றைக்கே, அதிகபட்சம் மறுநாள், இணையப் பிரிவுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள்: "செய்திக்கு நன்றி. ஊராட்சிவாரியான முழு அட்டவணை இந்தப் பக்கத்தில் இருக்கிறது, வாசகர்கள் தங்கள் ஊரைப் பார்த்துக்கொள்ள இணைப்பு கொடுத்தால் உதவியாக இருக்கும்." வாசகருக்கு என்ன லாபம் என்று சொல்லுங்கள், கூகுளில் மேலே வரவேண்டும் என்ற உங்கள் எஸ்.இ.ஓ. கதையைச் சொல்லாதீர்கள். ஒருமுறை கேட்டு நடக்காவிட்டால் விட்டுவிடலாம். அந்தச் செய்தியைப் பார்த்து எழுதும் அடுத்த தளமோ யூடியூப் சேனலோ லிங்க் கொடுக்கும்.

லிங்க் வந்தாலும் அதில் நோஃபாலோ என்ற குறி இருக்கலாம். 2005-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. இந்த லிங்கை எண்ணிக்கையில் சேர்க்காதே என்று தேடுபொறிக்குச் சொல்வது. 2019-ல் கூகுள், இனி அதைக் கட்டளையாக எடுக்காமல் ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றது. நோஃபாலோ என்று பார்த்துச் சோர்ந்துபோகத் தேவையில்லை. அந்த லிங்கைப் பிடித்துக்கொண்டு வரும் விவசாயி மோட்டார் வாங்க வருகிறவராகவும் இருக்கலாம்.

யார் லிங்க் கொடுத்தார்கள் என்று பார்க்க, கூகுள் சர்ச் கன்சோலில் இணைப்புகள் பகுதி இருக்கிறது, இலவசம். கடைப் பெயருக்கு கூகுள் அலர்ட் வைக்கும்போது தமிழில் பெயரை எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனை விதமாகவும் வையுங்கள். ஒற்றெழுத்து ஒன்று கூடிக் குறைந்தாலும் அலர்ட் வராது.

கரூரில் திரைச்சீலை, மேசை விரிப்பு ஏற்றுமதி செய்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வெளிநாட்டு நிருபர்கள் "இந்த விஷயம் தெரிந்தவர் வேண்டும்" என்று கேள்வி போடும் சேவைகள் இருக்கின்றன. 2008-ல் பீட்டர் ஷாங்க்மன் தொடங்கிய ஹாரோ அதில் ஒன்று. எல்லாம் ஆங்கிலம், போட்டியும் அதிகம். கேள்வி வந்த ஒரு மணி நேரத்துக்குள், இரண்டே பத்தியில், சொந்தத் தொழிலின் எண்ணோடு பதில் சொல்ல முடிந்தால் மட்டும் முயன்று பாருங்கள். போர் மோட்டார் கடைக்கு இது தேவைப்படாது.

போட்டிக்காரன் பார்த்துவிடுவானே?

இந்தக் கட்டத்தில் எல்லாக் கடைக்காரரும் கேட்பது இது. எத்தனை மோட்டார் விற்றீர்கள் என்பதை மறைக்க வேண்டும் என்றால், வருடவாரி எண்ணிக்கையைக் காட்டாமல் மொத்தத்தை மட்டும் காட்டுங்கள். விலையைப் பற்றிப் பேசவே தேவையில்லை. பக்கத்துக் கடைக்காரர் உங்கள் ஆழக் கணக்கைத் தெரிந்துகொண்டு செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அவர் பில்லிலும் அதேதான் இருக்கிறது. அவரையும் சேர்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. மூன்று நான்கு கடைகள் சேர்ந்து, ஆளுக்கொரு ஒன்றியம் என்று கணக்குக் கொடுத்தால், ஒரே கடைக்கு வருபவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு என்ற குறை பாதி தீரும். பக்கத்தில் நான்கு கடைப் பெயரும் இருக்கட்டும், தளம் உங்களுடையதாக இருந்தால் போதும்.

இரண்டாம் வருடம் கணக்கைப் புதுப்பிக்கும்போது மாதத்துக்கு மாதம் ஒப்பிடுங்கள். ஏப்ரலை ஏப்ரலோடு மட்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர் கணக்கை வறண்ட மேயோடு வைத்துப் பார்த்தால் என்ன வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். பழைய எண்ணில் தப்பு தெரிந்தால் அதைத் திருத்தி, எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்று கீழே ஒரு வரி போட்டு, அந்த எண்ணை ஏற்கனவே போட்ட நிருபருக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். புதுப் பக்கம் பிப்ரவரி முடிவதற்குள் ஏறிவிட வேண்டும், மார்ச் தொடங்கியதும் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும்.